ஓடிப்போன நீலம்

போன செவ்வாய்க்கிழமை, கிளென் வேவர்லியில் ரயில் பாதை முடிகிற இடத்துக்குப் பக்கத்துத் தெருவொன்றில், ஒரு பொதியைக் கொடுக்க நின்றேன். கராஜ் கதவு மெல்ல மேலே ஏறியது. அதன் அடியிலிருந்து ஒரு வாசனை ஊர்ந்து வந்து என் கால்களைச் சுற்றிக்கொண்டது.

கனிந்து கறுத்த வாழைப்பழம். நனைந்த சாம்பல். நீற்றிய சுண்ணாம்பு.

வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் நகரவில்லை. "யூ ஓகே, மேட்?" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெட்டி பழுத்த பழமும் வாய் பிரிந்த சுண்ணாம்பு மூட்டையும் இருந்தன. தோட்டத்து உரத்துக்காக இருக்கும். ஓகே என்று சொல்லிவிட்டு வந்து என் வண்டியில் ஏறினேன். ஏறியபின் என் விரல்களை விரித்துப் பார்த்தேன். ஒருகாலத்தில் இந்தப் பத்து நகங்களும் நீலமாக இருந்தன.

போன கிழமை இந்தப் பத்தியில், நாங்கள் இருந்த மேய்ஸ் ஹில் வீட்டைப் பற்றி எழுதியிருந்தேன். "அதற்குப் பிறகு எத்தனை வீடு மாறினீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எண்ணுவதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஒன்பதாவது வீடு கிரான்பர்னில். அந்த வீட்டை நினைத்தால் எங்கள் சுவர்கள் நினைவுக்கு வருவதில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்துக் கராஜும், அதற்குள் ஒரு பானையும்தான் வருகின்றன.

சாவி

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் காலை. பக்கத்து வீட்டு மாலி கதவைத் தட்டினாள். கையில் சாவி.

மாலி தாய்லாந்தின் வடகிழக்குப் பக்கம், சகோன் நகோன் என்கிற ஊர்க்காரி. என் மனைவி மெற்றில்டாவோடு முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை. மாலி என்றால் அவர்களுடைய மொழியில் மல்லிகை. நாங்கள் மூவரும் பேசிக்கொண்டது அவரவர் ஊர்க் கோணலோடு ஓர் ஆங்கிலம். என் நினைவில் அது தமிழாகவே கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணா, உங்களுக்கு இப்ப வேலை இல்லைத்தானே?" என்றாள் மாலி.

"வேலை மாறுகிற இடைவெளி," என்றேன்.

"ஓம் ஓம். ஆறு மாச இடைவெளி," என்று குசினிக்குள்ளிருந்து மெற்றில்டா சொன்னாள்.

மாலியின் தங்கைக்கு இருதயத்தில் அறுவைச் சிகிச்சை. மறுநாளே ஊருக்குப் புறப்பட வேண்டும். திரும்பி வர மூன்று வாரம் ஆகும். வீட்டைப் பூட்டிவிடலாம், கடிதங்களைத் தபாற்பெட்டியிலேயே விடலாம். பானையைத்தான் தனியே விட முடியாது.

அவளுடைய கராஜில் கார் நின்று நான் பார்த்ததில்லை. தறிதான் நின்றது. கணவர் கூட இருந்த காலத்தில், பழைய கட்டிலொன்றின் மரத்தை வைத்துச் செய்து கொடுத்தது. கணவர் பிறகு பேர்த்துக்குப் போய்விட்டார். தறி போகவில்லை. அதன் பக்கத்தில், நூலுக்குச் சாயம் போடுகிற இடுப்புயர மண் பானை ஒன்று, பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு, காய்ச்சல்காரனைப் போல உட்கார்ந்திருந்தது.

மாலி மூடியைத் திறந்தாள். முதலில் வந்தது வாசனை. கெட்டதா நல்லதா என்று மூக்கு முடிவெடுப்பதற்குள் கண்ணுக்கு வேலை வந்துவிட்டது. மேலே செம்பு மினுங்குகிற நீலத் தோல். கோப்பையால் அதை விலக்கினால், கீழே மஞ்சளும் பச்சையுமாய், கனவில் வருகிற குளம்.

"இது உயிர்," என்றாள். "காலையும் பின்னேரமும் கோப்பையால அள்ளி, உயரத்தில இருந்து ஊத்த வேணும். நுரையைப் பாருங்கோ. நுரை நீலமாய், உடையாமல் நிண்டால் சுகமாய் இருக்குது. ஞாயிறு மட்டும் ஒரு கரண்டி புளித் தண்ணி."

ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். "ஒண்டு."

மெற்றில்டா வாசலில் வந்து நின்றாள். "இவரிட்டயோ குடுக்கிறாய் பிள்ளை? கறிவேப்பிலைக் கண்டு மூண்டு வைச்சவர். மூண்டும் மோட்சத்துக்குப் போட்டுது."

"கண்டு பேசாது அக்கா," என்றாள் மாலி. "பானை பேசும்."

எங்கள் மேசையில் அவள் கற்ற சொல்

மாலி முதன்முதல் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த நாளைச் சொல்லவேண்டும். மெற்றில்டா மன்னார்க்காரி. விருந்தாளியின் தட்டில் வெறும் இடம் தெரிந்தால் அவளுக்கு மனம் தாங்காது. புட்டு வைத்தாள், நண்டு வைத்தாள், மறுபடி புட்டு வைத்தாள். மாலி ஆங்கிலத்தில் போதும் என்றாள், தலையை ஆட்டினாள், கும்பிட்டாள். ஒன்றும் பலிக்கவில்லை.

கடைசியில் நான்தான், போதும் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்லைக் காதோடு சொல்லிக் கொடுத்தேன். "கையைத் தட்டுக்கு மேல விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு, காணும் எண்டு சொல்லுங்கோ."

உள்ளங்கையை விரித்தாள். "காணும், அக்கா."

மெற்றில்டாவின் அகப்பை அப்படியே நின்றது. மாலி அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து சலவை இயந்திரத்தில் துணி கூடினாலும் காணும், மேலதிகாரி கூடப் பேசினாலும் காணும்.

பதிலுக்கு அவள் கொண்டுவந்தது ஒரு மேசை விரிப்பு. கையால் நூற்று, கையால் தோய்த்து, கையால் நெய்தது. முதல் மூன்று தரம் தனியே தோய்க்கச் சொல்லியிருந்தாள். நான் அதை வெள்ளைத் துணிகளோடு இயந்திரத்தில் போட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு பூசைக்கு வான நீலச் சட்டையில் போனேன். "புதுசோ?" என்று நாலு பேர் கேட்டார்கள். ஓம் என்றேன்.

பிறகு ஒரு சாய்வணை தந்தாள். மூன்று மூலை உள்ளது, இலவம் பஞ்சு அடைத்தது, கல்லைப் போல இறுக்கமானது. கிரிக்கெட் பார்த்துக்கொண்டு அதன்மேல் காலைத் தூக்கிப் போட்டிருந்தேன். உள்ளே வந்த மாலி என் காலைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, சாய்வணையை என் முதுகுக்குப் பின்னால் செருகினாள். தாதியொருத்தி நோயாளிக்குச் செய்வதைப் போல.

நாலாவது சாய்வணை

அவள் சாவி தந்த அந்த வெள்ளிக்கிழமை, தறியில் ஒன்றும் இல்லை. அலுமாரியில் மூன்று சாய்வணை உறைகள் மடித்திருந்தன. எல்லாம் ஒரே நீலம். மழைக்கு முன்னான மாலையின் நீலம். பாவு நூல்களைத் தட்டையான பலகையொன்றால் கிளப்பி, இடையில் வெள்ளை நூலை ஓடவிட்டு, நாகத்தின் முதுகுச் செதில்களை நெய்திருந்தாள். விரலால் தடவினால் செதில் தட்டுப்படும்.

அவள் மகள் பிம்முக்கு மே மாதம் கலியாணம். மாப்பிள்ளை ஜோஷ், பெண்டிகோ பக்கத்துப் பையன். மாலியின் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. மணப்பெண், தன் வீட்டில் நெய்த துணியையும் தலையணையையும் மாப்பிள்ளை வீட்டு மூத்தவர்கள் முன் வைத்து, முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்பாள். செய்த பிழைக்கு அல்ல. இனிமேல் இந்த வீட்டில் தெரிந்தும் தெரியாமலும் செய்யப்போகிற பிழைகளுக்கு.

"முன்கூட்டியேவோ?" என்று மெற்றில்டா கேட்டாள். "எங்கட பாவசங்கீர்த்தனத்திலும் பாக்க நல்லாக் கிடக்குது."

ஜோஷின் அப்பா, அம்மா, பெரியப்பா, ஞானத்தாய். நாலு பேர், நாலு சாய்வணை. நாலாவதுக்கான நூல் இன்னும் வெள்ளையாகவே சுவரில் தொங்கியது. மூன்றுக்குத் தோய்த்ததில் பானை களைத்திருந்தது. அது படுத்து எழும்ப வேண்டும். அதற்குள் தங்கையின் செய்தி வந்துவிட்டது.

நீலம் தருகிற அவுரிச் செடியை மாலி பின்வளவில் இரண்டு கோடை வளர்த்து, ஊறவைத்துக் களியாக்கிப் பானையில் சேர்த்திருந்தாள். இனி இலை என்றால் அடுத்த கோடைதான். ஊரிலிருந்து களி கொண்டுவரலாம் என்றால் விமான நிலையத்தில் விடமாட்டார்கள். ஆகவே அந்தப் பானையில் இருந்ததுதான் முழு நீலமும்.

"கடையில நீலத் துணி வாங்கித் தைக்கலாம்தான்," என்றாள் சாவியை என் கையில் வைத்தபடி. "ஆனால் பிம் முழங்காலில நிக்கேக்க, கையில கடைச்சாமான் இருக்கக்கூடாது அண்ணா."

விருந்தாளி

அந்த மூன்று வாரம் போல நான் ஒருநாளும் வாழ்ந்ததில்லை.

விடிந்ததும் வேலியைச் சுற்றிப் போவேன். கராஜுக்குள் குளிர் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். கம்பளியை விலக்கிப் பானையின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். மூடியைத் திறந்து அள்ளுவேன், ஊற்றுவேன். ஊற்றுகிற சத்தம், யாரோ தூரத்தில் கதை சொல்லிக்கொண்டிருப்பது போல. நுரை எழுந்து, குமிழாய்க் கூடி, ஒரு கொத்துத் திராட்சையைப் போல நிற்கும். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

ஒருமுறை, ஆசை தாங்காமல், சட்டைப்பையிலிருந்த வெள்ளைக் கைலேஞ்சியை அதற்குள் விட்டெடுத்தேன். வெளியே வந்தபோது அது மாங்காய்ப் பச்சை. கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்திலிருந்து பச்சை மெல்ல விலகியது. மன்னாரில் எங்கள் பேசாலைக் கரையில் ஆழமில்லாத தண்ணீரின் நிறம் வந்தது. பிறகு கொஞ்சம் தள்ளிய ஆழம். பிறகு தோணிகள் நிற்கிற ஆழம். நீலம் பானைக்குள் இருக்கவில்லை. காற்றுப் பட்ட பிறகுதான் நீலமாகியது.

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பானையில் பாசம் பிடித்துவிட்டது. அங்கேதான் பிழை.

முதல் ஞாயிறு ஒரு கரண்டி. செவ்வாய்க்கிழமை நுரை கொஞ்சம் வாடினது போலப் பட்டது. பசிக்குதாக்கும் என்று இன்னொரு கரண்டி விட்டேன். வியாழன் குளிர் கூடியது. குளிருக்கு எங்களுக்கே ரசம் கேட்கிறதே என்று இன்னும் இரண்டு. விருந்தாளி போல எங்களிடம் வந்த ஒன்றை வெறும் வயிற்றோடு வைத்திருக்க என் கைக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் மாலி வைத்துவிட்டுப்போன புளிக்கட்டியின் பெரும்பகுதி வெள்ளிக்கிழமை மீன்குழம்புக்குப் போய்விட்டது. எடுத்தது மெற்றில்டா இல்லை, நான்தான். ஈடாக, எங்கள் சாடியைத் திறந்தேன். மன்னாரிலிருந்து என் அக்கா அனுப்பிய பழைய புளி. கறுத்து, மினுங்கி, தேனைப் போல ஒட்டுகிறது. அந்தக் கடைக்கட்டியைவிட நூறு மடங்கு உயர்ந்தது. பானைக்கும் கொஞ்சம் நல்ல சாப்பாடு கிடைக்கட்டும் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

வெறும் தண்ணீர்

மூன்றாவது கிழமையின் தொடக்கத்தில் நுரை நிற்கவில்லை. ஊற்ற ஊற்ற, சவர்க்காரத் தண்ணீரைப் போல உடைந்து போனது. நீலத் தோல் கிழிந்தது. குளம் சாம்பல் நிறமாகிவிட்டது. பழைய வாசனை போய், வடிகாலின் நாற்றம்.

மெற்றில்டாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் மூக்கைப் பொத்தியபடி எட்டிப் பார்த்தாள்.

"என்னத்தைப் போட்டனீங்கள்?"

"புளிதான்."

"எந்தப் புளி?"

எங்கள் குசினிப் பக்கம் கையைக் காட்டினேன்.

"உங்கட அக்கா அனுப்பின புளியோ? அதுக்குள்ள ரெண்டு சிறங்கை உப்பெல்லோ கிடக்குது. வண்டு வராமல் இருக்க உப்புப் போட்டுத்தானே உருட்டி வைக்கிறது. உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்த ஒன்று வேண்டிய நேரத்தில் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதுதான் தெரியவில்லை.

அன்று பின்னேரம் இந்தியக் கடைக்குப் போய், சட்டைக்குப் போடுகிற சொட்டு நீலம் ஒரு போத்தல் வாங்கினேன். பத்துத் துளி விட்டால் போதும், மேலே நீலமாகத் தெரியும். அவள் வந்து மூடியைத் திறக்கிற அந்த ஒரு கணத்துக்குப் போதும். பானைக்கு முன்னால் மூடியைத் திருகியபடி நின்றேன். சுவரில் தொங்கிய வெள்ளை நூல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. போத்தலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள் மாலி வந்தாள். தங்கை பிழைத்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டே கராஜைத் திறந்தாள். உள்ளே காலடி வைத்ததுமே நின்றுவிட்டாள். மூடியைத் திறக்கவில்லை, அவள் மூக்கே சொல்லிவிட்டது. பிறகு விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு," என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டிக் கணக்கு, மீன்குழம்பு, சாடி. சொட்டு நீலப் போத்தலையும் எடுத்து மேசையில் வைத்தேன். ஏனென்று தெரியாது. ஒளிக்க ஒன்றும் மிச்சம் வைக்கக்கூடாது என்று தோன்றியது.

மாலி நெடுநேரம் பானையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எங்கட ஊரில பானை செத்துப்போச்சு எண்டு சொல்லமாட்டம்," என்றாள். "பானை ஓடிட்டுது எண்டுதான் சொல்லுவம். பிடிக்காட்டி ஓடிடும்."

"எங்க ஓடும்?"

"தெரியாது."

எட்டு வீடுகளை விட்டு ஓடியவனுக்கும் தெரியவில்லை.

ஹெலனின் அடுப்பு

இரண்டு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. மூன்றாம் நாள் காலை வேலிக்கு மேலால் அவள் தலை தெரிந்தது.

"அண்ணா, நல்ல சாம்பல் வேணும். கன சாம்பல். கட்டை விறகுச் சாம்பல். நிலக்கரியில்லை, வார்னிஷ் மரமில்லை. புளி கூடிப்போச்சு. சாம்பல் தண்ணிதான் அதை முறிக்கும்."

கிரான்பர்னில் எல்லா வீட்டிலும் எரிவாயு. சாம்பலுக்கு எங்கே போவது? பார்பெக்யூக் கரிதான் கிடைத்தது. பிறகு நினைவு வந்தது. ஜோஷ் வீட்டில் விறகடுப்பு எரிவதாக பிம் சொல்லியிருந்தாள். "கட்டை முழுக்க ரெட் கம் மரம், அங்கிள்."

அன்று பெண்டிகோவுக்கு ஓட்டினேன். மாப்பிள்ளையின் தாய் ஹெலன் கதவைத் திறந்தார். தான் பெறப்போகிற சாய்வணையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. சொல்லவும் கூடாது.

"சாம்பலா?" என்றார்.

"தோட்டத்துக்கு," என்றேன்.

"அதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்? ரோஜாவுக்குப் போட்டுப் பாருங்கள், நல்லாயிருக்கும்." இரண்டு வாளி நிறைய அள்ளித் தந்தார். அந்தச் சாம்பல் மாவைப் போல மென்மை, வெள்ளை. திரும்பி வரும் வழியெல்லாம் வண்டிக்குள் யாரோ மெல்ல இருமிக்கொண்டிருப்பது போல ஒரு வாசனை.

மாலி அதைத் தண்ணீரில் கரைத்து, வடித்து, தெளியவைத்து, நாக்கில் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பானையில் சேர்த்தாள். சுண்ணாம்பு கொஞ்சம். கனிந்த வாழைப்பழம் கொஞ்சம். நான் தூக்குகிற வேலை மட்டும் செய்தேன். ஊட்டுகிற வேலை எனக்கு இல்லை. பிறகு காத்திருந்தோம். வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்று சிட்னியிலிருந்து ஒரு நண்பன் தொலைபேசியில் சொன்னான். இப்போது முடியாது என்றேன். ஏன் என்றான். பானைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ. மாலி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு குமிழ் உடையாமல் நின்றது. பக்கத்தில் இன்னொன்று. அவள் அள்ளுவதை நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். பேசினால் மறுபடி ஓடிவிடும் போலிருந்தது.

பானை திரும்பியது. ஆனால் முழுதாகத் திரும்பவில்லை. ஐந்து தரம் தோய்த்தும், பத்துத் தரம் தோய்த்தும், நூல் வெளிறிய நீலத்தைத் தாண்டவில்லை. மாலையின் நீலத்துக்குப் பக்கத்தில் அது காலையின் நீலம். அந்த நூலில்தான் நாலாவதை நெய்தாள். தறியின் சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கக் கேட்க, நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைப்பேன்.

மண்டியிட்ட பெண்

கலியாண நாளன்று பிம் முழங்காலிட்டாள். ஒவ்வொரு சாய்வணையின் மேலும் ஒரு மல்லிகைச் சரமும் மெழுகுதிரியும். ஜோஷின் அப்பாவுக்கு, பெரியப்பாவுக்கு, ஞானத்தாய்க்கு. எல்லாம் கருநீலம். வெளிறியது கடைசியில் ஹெலனுக்கு. யாருக்கு எது என்று முதல்நாளே மாலிதான் அடுக்கி வைத்தாள்.

நான் பின்வரிசையில் குனிந்துகொண்டேன். மெற்றில்டா என் முழங்கையில் இடித்தாள். "நிமிருங்கோ. ஆரும் உங்களைப் பார்க்கேல்லை."

இனிமேல் செய்யப்போகிற பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று பிம் ஆங்கிலத்தில் சொன்னாள். ஹெலன் மற்ற மூன்றையும் பார்த்தார், தன் மடியில் இருந்ததைப் பார்த்தார். பிறகு அதைத் தூக்கி முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"எனக்கு மட்டும் ஏன் வேறு நிறம்?" என்று கேட்டார். கோபமில்லை, ஆவல்.

மாலி எழுந்து நின்றாள். "உங்கட அடுப்புச் சாம்பல் அதுக்குள்ள இருக்குது. மற்ற மூண்டிலயும் இல்லை."

ஹெலன் மண்டபம் முழுக்கத் தேடி என்னைக் கண்டுபிடித்தார். "ரோஜாவுக்கு," என்றார். சிரித்தபோது அவர் கண் நனைந்திருந்தது. அந்தச் சாய்வணையை வேறு யாரிடமும் தூக்கக் கொடுக்கவில்லை.

ஒரு போத்தல்

அந்தக் குளிர்காலத்தின் நடுவில் பிம்முக்கு சிட்னியில் வேலை கிடைத்தது. மாலியும் கூடப் போனாள். எல்லாரையும் விட்டுப்போகிறவன் நான்தான் என்று நினைத்திருந்தேன். அந்தக் காலையில் என் வாசலில் நின்று, இன்னொருவர் வீட்டைக் காலிசெய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தறி மறுபடி கட்டிலைப் போலக் கழன்று வாகனத்தில் ஏறியது. சாயத்தை மூடியுள்ள பீப்பா ஒன்றில் மாற்றி, முன் இருக்கையில் வைத்து, பெல்ட் போட்டுவிட்டாள். மெற்றில்டா புட்டுப் பொதி கொடுத்தாள். இன்னொரு பொதி. இன்னொன்று.

"காணும், அக்கா," என்றாள் மாலி, உள்ளங்கையை விரித்து. இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

பிறகு என்னிடம் வந்தாள். கையில் ஒரு கண்ணாடிப் போத்தல், பழைய துவாயில் சுற்றியது. மேலே நீலத் தோல், கீழே மஞ்சளும் பச்சையும். கையில் வாங்கியபோது இளஞ்சூடாக இருந்தது.

"திருப்பியும் என்னட்டயோ?" என்றேன்.

"ஓம்," என்றாள்.

வாகனத்தில் ஏறி, கண்ணாடியை இறக்கினாள். கையை வெளியே நீட்டி, என் கையிலிருந்த போத்தலின் வாய்க்கு மேல், தட்டுக்கு மேல் பிடிப்பது போலவே, விரித்துப் பிடித்தாள்.

"ஞாயிறு மட்டும். ஒரு கரண்டி," என்றாள். "காணும், அண்ணா."